தொண்ணூற்றெட்டு

"பயப்படாதீங்க டாக்டர், எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்றார் அமைச்சர். மேடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

டாக்டரும் சிரித்துக்கொண்டே இடது கையை நீட்டினார்.

முப்பது வருடமாகச் சர்க்கரை நோயை ஆராய்ந்தவர் அவர். இன்று தொடங்கும் இலவச மருந்துத் திட்டத்தை வகுத்துக் கொடுத்தவரும் அவர்தான். முதல் பரிசோதனையும் அவருக்கே என்று காலையில் திடீரென்று முடிவு செய்துவிட்டார்கள். போட்டோவுக்கு நன்றாக இருக்குமாம்.

"என் சர்க்கரை என் பேச்சைக் கேட்கும்" என்று டிவியில் சொல்லிச் சொல்லியே பிரபலமானவர், மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்?

கடைசியாகப் பரிசோதித்து மூன்று வருடம் ஆகிறது. அது அவருக்கு மட்டும்தான் தெரியும். கூட்டங்களுக்கு நடுவே அடிக்கடி எழுந்து பாத்ரூம் போவதற்கு மனைவியிடம் ஏ.சி.யைக் காரணம் சொல்லி வைத்திருந்தார்.

ஓய்வு பெறும் வயதில் இருந்த நர்ஸ் ஒருவர் விரல் நுனியில் குத்தினார். சொட்டு ரத்தம் ஸ்ட்ரிப்பில் ஏறியது. மீட்டரின் முகம் அவர்கள் இருவர் பக்கம் மட்டும் திரும்பியிருந்தது.

முந்நூற்றுப் பன்னிரண்டு.

டாக்டருக்குக் காது மடல் சுட்டது. இந்த மாதிரி எண்ணோடு வந்தவர்களை எத்தனை முறை கேட்டிருக்கிறார், வாயைக் கட்டத் தெரியாதா என்று!

மணிக்கட்டுப் பொத்தானைச் சரிசெய்வது போலக் குனிந்தார்.

"சிஸ்டர்... தொண்ணூத்தெட்டுன்னு சொல்லிடுங்களேன். ப்ளீஸ்."

நர்ஸ் யோசிக்கக்கூட இல்லை. "தொண்ணூத்தெட்டு!" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

ஒரே கைதட்டல்.

"நான் சொல்லல? மனுஷன் இரும்பு!" என்று டாக்டரின் முதுகில் தட்டிவிட்டு, அமைச்சர் மைக்கைப் பிடித்தார்.

எந்தப் பகுதிக்கு எவ்வளவு மாத்திரை, எங்கே தனிப் பிரிவு என்பதையெல்லாம் டாக்டர் வீடு வீடாக எடுத்த சர்வேதான் தீர்மானித்தது என்றார். ஊரின் நூல் மில்லைச் சுற்றி, தொழிலாளர்கள் வசிக்கும் மூன்று பகுதிகளில் மட்டும் சர்க்கரை நோய் மிகக் குறைவாம். அங்கே இப்போதைக்கு எதுவும் தேவையில்லையாம்.

டாக்டரின் புகழ்பெற்ற கட்டுரையே அந்த மூன்று பகுதிகளைப் பற்றியதுதான். உடம்பு வளைந்து உழைப்பவர்களைச் சர்க்கரை அண்டுவதில்லை என்று நிரூபித்திருந்தார்.

இப்போது அவருக்கு நர்ஸின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. கீழே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சிஸ்டர். நாளைக்கே மருந்து ஆரம்பிச்சிடுறேன்."

"அட, இதுல என்ன சார் இருக்கு" என்று நர்ஸ் பஞ்சை வைத்து விரலை அழுத்தினார். அந்தக் குரலில் கேலியே இல்லை. "உங்க சர்வேக்கு மில் பக்கம் மூணு ஏரியாவுக்கும் நான்தானே போனேன். ஃபார்மோட நகல் ஒண்ணு மில் ஆபீசுக்கும் போகணும்னு போட்டிருந்தீங்க. சர்க்கரைன்னு தெரிஞ்சா வேலைய விட்டுத் தூக்கிடுவாங்கன்னு, பாவம், எல்லாரும் கையப் புடிச்சுக்கிட்டு அழுவாங்க."

"அதுக்கு... நீங்க?"

"எந்த நம்பர் கேட்டாங்களோ, அதையே எழுதிடுவேன் சார்."

அவர் விரலிலிருந்து பஞ்சை எடுத்துப் பார்த்தார் நர்ஸ். ரத்தம் நின்றிருந்தது.

"எத்தனை பேருக்கு?"

"எண்ணல சார். கேட்டவங்களுக்கெல்லாம்."

மைக்கில் டாக்டரை அழைத்தார்கள். எழுந்து போனார். முன்வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அந்த மூன்று பகுதிகளைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தார். அவர்கள் பொய் எண் கேட்டதைச் சொன்னால், எப்படித் தெரிந்தது என்றும் சொல்ல வேண்டியிருக்கும்.

"இந்தத் திட்டம் ஒருத்தரையும் விட்டுவிடாது" என்றார்.

எல்லோரையும் விட அதிக நேரம் கைதட்டியது அந்த நர்ஸ்தான்.