நாற்பதுக்குக் கீழே

என் மணிக்கட்டில் உள்ள பட்டை நான் எவ்வளவு நன்றாக வாழ்கிறேன் என்பதை நூற்றுக்கு அளக்கிறது. இன்று மாலை ஐந்து மணிக்கு அது நாற்பதுக்கு மேல் காட்டினால் காப்பீட்டுக்காரர்கள் சொரியாசிஸ் ஊசியை நிறுத்திவிடுவார்கள். "நல்லாத்தானே இருக்கீங்க" என்பார்கள், பாவிகள்.

ஐந்தாவதற்குச் சற்று முன்பு மகள் ஓட்டப்பந்தயக் கோப்பையோடு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். பட்டை ஐம்பதைத் தொட்டது.

என் கணவர் பதறிப்போனார். மகளை உள்ளே அனுப்பிவிட்டு, "உன் தோல் உதிர்ந்து கிடக்கிற மெத்தையில படுக்கவே எனக்கு அருவருப்பா இருக்கு, தமயந்தி" என்றார்.

எண் முப்பத்தொன்றுக்குச் சரிந்தது. மணி ஐந்தானது. ஊசி உண்டு என்று பட்டை சொன்னது.

"ஐயோ, ஊசிக்காகச் சும்மா சொன்னேன்மா" என்று கையைப் பிடித்தார்.

"தெரியும்ங்க. ஆனா யோசிக்காமலே வந்துச்சே?"

எண் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.