இரண்டாம் மணி

சிந்தியா வளையல்களை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள்.

கண்ணாடித் தட்டில் கடுகளவு வெள்ளை உருண்டை. போன வாரம் தவளைக் கருவின் உச்சியிலிருந்து வெட்டியெடுத்த துண்டு. என்னவாவது என்று இன்னும் முடிவு செய்யாத செல்கள்.

சும்மா விட்டால் வெறும் தோலாகும். ஆக்டிவின் என்ற வளர்ச்சிக் காரணியைக் கொஞ்சம் காட்டினால் இரத்தமாகும், இன்னும் கொஞ்சம் காட்டினால் தசையாகும். தாராளமாகக் காட்டினால் இதயமாகித் துடிக்கவும் செய்யும்.

அவளிடம் ஒருமுறையும் துடித்ததில்லை. உப்பு குறைந்தால் போட்டுக்கொள்ளலாம், கூடினால் எடுக்க முடியாது என்று அடுக்களையில் கேட்டு வளர்ந்த கை. ஆக்டிவினையும் பயந்து பயந்துதான் விட்டது. இந்த முறைதான் துணிந்து அள்ளி விட்டிருந்தாள்.

இதுவும் துடிக்காவிட்டால் லேப் படியே ஏறுவதில்லை என்று அம்மா விக்டோரியாவிடம் ஒத்துக்கொண்டாயிற்று. நாளை வந்து பார்க்கவும் வழியில்லை. இன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

கதவருகே தங்கை ஸ்மைலின் பட்டுப்புடவையில் நின்று நெளிந்தாள். எதிரேதான் வேதக்கோயில். கல்யாணத்துக்கு வந்த கூட்டமெல்லாம் உள்ளே போய்விட்டது.

"அக்கா, ரெண்டாம் மணியும் அடிச்சாச்சு. வாறியா, இல்லியா?"

"நான் போவாம அங்க தொடங்க மாட்டாவ. சும்மா கெட."

உருண்டை அசையவில்லை. சிந்தியாவுக்கு அழுகை முட்டியது. கண்மை கரைந்தால் அம்மா கொன்றுவிடுவாள் என்று அடக்கிக்கொண்டாள்.

அப்போது ஓரத்தில் ஒரு சுருக்கம்.

மேசை ஆடியிருக்கும் என்று கையை எடுத்தாள். மறுபடியும் சுருங்கியது. விரிந்தது. சுருங்கியது.

உடம்பில்லை, மூளையில்லை, தவளையே இல்லை. துடிப்பு மட்டும் இருக்கிறது!

சிந்தியா கூவிய கூவலில் தொட்டித் தவளைகள் வாயடைத்துப் போயின. தங்கையைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள்.

ஸ்மைலின் அவளுடைய லேப் கோட்டைப் பிடுங்கிக் கழற்றினாள். உள்ளேயும் வெள்ளைதான், சரிகை போட்ட வெள்ளைப் பட்டு. தலையில் நெட் முக்காட்டைக் குத்தி, கையில் பூச்செண்டைத் திணித்து, சாலைக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு ஓடினாள்.

பீடத்தின் முன்னால் சிஜின் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு சேதி.

பாதி வழியில் சிந்தியா அப்பாவின் கையை விட்டாள். விரல்களை மடக்கினாள். விரித்தாள். மடக்கினாள்.

சபையே எழுந்து நின்று பாடிக்கொண்டிருக்க, மாப்பிள்ளை கோயில் என்றும் பாராமல் கைதட்டினான்.

முன்வரிசையில் விக்டோரியா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.