தப்பாத காந்தாரம்

நித்திலாவை மூன்று வயதில் டான்சில் ஆபரேஷன் என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன். அரைமணி நேரத்தில் பத்து வருடச் சங்கீதத்தை மூளையில் ஏற்றி அனுப்பினார்கள். பாட்டு கற்றால் பிள்ளைக்குப் பொறுமை வரும் என்று எல்லாரும் சொன்னார்கள். தினமும் கிளாஸில் கொண்டுபோய் விடத்தான் எனக்குப் பொறுமை இல்லை. பாட்டு எப்போது கற்றேன் என்று அவள் கேட்டதற்கு, குட்டியாக இருந்தபோதே கிளாஸுக்குப் போனாய் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

இன்று எதிர்வீட்டு சாரு வந்தாள். பாட்டு கிளாஸில் சொல்லித்தந்த சரளிவரிசையில் காந்தார ஸ்வரம் நிற்கவில்லை என்று அழுதாள்.

"அழாதடி. நானும் தப்பாப் பாடறேன், பாரு," என்று நித்திலா பாடினாள். சுத்தமாக வந்தது. கத்தினாள், மூக்கைப் பிடித்துக்கொண்டு பாடினாள். காந்தாரம் இம்மியும் பிசகவில்லை. கேலி செய்கிறாள் என்று நினைத்து சாரு ஓடிப்போனாள்.

நித்திலா சமையலறைக்கு வந்தாள். "அம்மா, கத்துக்கறப்போ நான் எப்படித் தப்பாப் பாடினேன்? பாடிக் காட்டேன்."

அடுப்பை அணைத்தேன். அவள் ஒருநாளும் பாடாத தப்பைப் பாடிக் காட்டினேன்.

விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டாள்.

"இவ்ளோ மோசமாப் பாடியும் தினமும் கூட்டிட்டுப் போனியேம்மா!"