அசையாதவை மறையும்

புளோராவின் செயற்கைக் கண்ணில் ஓடியது, அவள் கணவன் ஜெபசிங் முன்பு கணினித் திரைக்காக எழுதி இலவசமாகக் கொடுத்த நிரல். சற்றுநேரம் அசையாத எதையும் அது மறைத்துவிடும். பிடிக்காதவர்கள் ஒரு வரியை மாற்றிக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தான். நிரலை எடுப்பவர்களுக்கு, பிறர் மாற்ற முடியாதபடி அதைப் பூட்டி வைக்கவும் சுதந்திரம் வேண்டும் என்று நண்பர்களோடு சண்டை போட்டு, அப்படியே லைசென்ஸும் எழுதினான்.

கண் செய்த கம்பெனி பூட்டிவிட்டது.

"அந்த ஒரு வரிய நானே மாத்திக்கிடுதேன்" என்று போனில் கெஞ்சினான்.

"பூட்ட உடைச்சா கண்ணு நின்னுரும் சார். நீங்க குடுத்த லைசென்ஸ்தானே?"

சாப்பிடும்போது புளோரா திடுக்கிட்டாள். "எங்க போயிட்டீங்க?"

"இங்கதான் இருக்கேன்." இடது கையைத் தூக்கி ஆட்டினான்.

"கை வலிக்குதா?"

"இல்ல."

"அப்போ இன்னைக்கும் நான் தூங்குற வரைக்கும் கைய ஆட்டிக்கிட்டே இருந்துட்டு, பொறவு தூங்குங்க."