பதினோராம் பிரிவு மீதான சாட்சி

திரைக்குப் பின்னாலிருந்த பெண் பேச ஆரம்பித்தபோது நாடாளுமன்றக் குழுத் தலைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

சாட்சி யாரென்று எவருக்கும் தெரியக் கூடாது. அதற்காகத்தான் திரை. குரலையும் ஒரு கருவி மாற்றிக்கொண்டிருந்தது; கிணற்றுக்குள்ளிருந்து யாரோ ஓர் ஆண் பேசுவதுபோல் இருந்தது.

உறுப்பினர்களின் உதவியாளர்களை எல்லாம் வெளியே அனுப்பியாயிற்று. தலைவியின் தனிச்செயலாளர் மட்டும் அவர் நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நம்பிக்கையான ஆள், இருக்கட்டும் என்று தலைவியே சொல்லியிருந்தார்.

வருமான வரி மசோதாவில் பாக்கி பதினோராம் பிரிவு ஒன்றுதான். தம்பதியில் யாருக்குச் சம்பளம் அதிகமோ, அவர் சம்பளத்திலேயே இருவர் வரியையும் மொத்தமாகப் பிடித்துவிடலாம். வீட்டுக்கு ஒரே வரிச் சீட்டு, தலைவலி விட்டது என்று மேடைக்கு மேடை பேசி அந்தப் பிரிவைக் கொண்டுவந்தவரே தலைவிதான்.

"இப்போ என் வரியை நானே தனியா கட்டறேன். நான் வீட்டுலேருந்தே வேலை செஞ்சு சம்பாதிக்கிறது எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது. இந்தச் சட்டம் வந்தா அவர் சம்பளச் சீட்டுல என் வருமானமும் வந்துரும்" என்றது திரைக்குப் பின்னாலிருந்த குரல்.

"புருஷனுக்குத் தெரியாம சம்பாதிக்கிற கெட்டிக்காரிக்கு வரிவிலக்கே குடுக்கலாம்மா!" என்றார் ஓர் உறுப்பினர்.

மேசை முழுக்கச் சிரிப்பு. தலைவிக்கும் உதட்டோரம் துடித்தது.

சிரிப்பு அடங்கும்வரை அந்தக் குரல் காத்திருந்தது.

"போன தடவை தெரிஞ்சப்போ கையை முறுக்கி உடைச்சார். மாடிப்படியில விழுந்துட்டேன்னு சொல்ல வெச்சார். ஆஸ்பத்திரிக்கு எங்கம்மா வந்தாங்க. 'ஓட்டப்பந்தயத்துல கப்பு வாங்கினவளுக்குப் படி இறங்கத் தெரியலையாடி'ன்னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அவரும் சிரிச்சார்."

தலைவி நிமிர்ந்து திரையைப் பார்த்தார்.

அது தலைவியே சொன்னது. ஓர் எழுத்துப் பிசகாமல் அவர் சொன்னது. கட்டுப் போட்ட கையை மடியில் கிடத்திக்கொண்டு மகள் சிரித்தாள். இவர் அந்தக் கட்டின்மேல் செல்லமாக ஒரு தட்டுக்கூடத் தட்டினார்.

பக்கத்து உறுப்பினர் ஏதோ கேட்டார். உதடு அசைவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. பெற்ற வயிறு பற்றி எரியும் என்பார்கள். அவருக்கு எரியவில்லை. உச்சந்தலை முதல் உள்ளங்கால்வரை சில்லிட்டுப் போயிருந்தது.

"எங்கம்மாவைத் தனியாப் பார்க்கவே முடியாது. எப்பவும் அவர் பக்கத்துலயே இருப்பார். இங்க ஒரு இடத்துலதான் அவர் இருக்க மாட்டார்னு..."

கருவியால் மாற்ற முடியாத ஒரு விசும்பல் வந்தது.

தலைவியின் காதில் மூச்சுக்காற்று பட்டது. தனிச்செயலாளர் குனிந்திருந்தார். இத்தனை வருஷத்தில், இந்தக் கட்டடத்துக்குள் அவரை "மேடம்" என்று தவிர வேறெப்படியும் கூப்பிடாதவர்.

"அத்தை, அவ சொல்றதையெல்லாம் நம்பாதீங்க."

தலைவி திரும்பவில்லை. வாசலில் நின்ற காவலரைத்தான் பார்த்தார்.

"எங்க மாப்பிள்ளையை வெளியே கூட்டிட்டுப் போங்க. கதவைச் சாத்துங்க. பதினோராம் பிரிவை நான் வாபஸ் வாங்கிக்கறேன்."

எழுந்தார். மேசை விளிம்பைப் பிடித்துப் பிடித்து, உறுப்பினர் எவரும் தாண்டக் கூடாத அந்தத் திரையை நோக்கி நடந்தார்.