பச்சைப் பொட்டலம்
தைப்பேயின் பிற்பகல் வெயில் ஜன்னல் திரையின் இடுக்குகளில் நுழைந்து மேசைமீது கோடு கோடாகக் கிடக்கிறது. கணினிக்குள் கிராபிக்ஸ் கார்டின் விசிறிகள் மூச்சிரைக்க அலறுகின்றன. திரை மூலையில் வெப்பம் தொண்ணூறு டிகிரியைத் தாண்டுவதைப் பார்த்தபடி ஷூ-லிங் காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறாள். விளம்பரப் படத்தின் கடைசிக் காட்சியைக் கணினி உருவாக்கி முடிக்க இன்னும் கால்வாசி பாக்கி. வாடிக்கையாளர் வந்துகொண்டிருக்கிறார். காலையில் இதே சூட்டில்தான் கணினி அணைந்து, செய்த வேலையெல்லாம் போயிற்று. உடனே, கூட வேலை பார்க்கும் தே-வெய் கடைக்கு ஓடி, இயந்திரம் அடம்பிடிக்காமல் இருக்க ஊரே நம்பி வாங்கி வைக்கும் பச்சைத் தின்பண்டப் பொட்டலத்தைக் கொண்டுவந்து கணினிப் பெட்டியின் தலையில் படுக்கவைத்தான். அவள் இப்போது அதைத் தொட்டுப் பார்க்கிறாள். அடிப்பக்கம் கொதிக்கிறது. சூடான காற்று வெளியேறும் துளைகள் அத்தனையும் அதற்கு அடியில்தான். "ஏய், எடுக்காத! எடுத்தா நின்னுடும்!" என்று பின்னாலிருந்து கத்துகிறான் தே-வெய். "காத்து போற வழியையே அடைச்சு வச்சிருக்கடா, லூசு." "காலையில இது இல்லாதப்பதானே நின்னுச்சு?" ஷூ-லிங் பொட்டலத்தை எடுத்துவிடுகிறாள். எண்பத்தெட்டு. எண்பத்தைந்து. விசிறிகளின் அலறல் தணிகிறது. வாசலில் அழைப்பு மணி அடிக்கிறது. "நீ போய்த் திற," என்கிறாள் ஷூ-லிங். பெட்டிக்கு ஒரு சாண் மேலே பொட்டலத்தை அந்தரத்தில் பிடித்தபடியே நிற்கிறாள். அப்பால் கொண்டுபோய் வைக்கக் கை வரவில்லை.