இருபத்தொன்பது

இடுப்பளவு தண்ணீரில் நின்று துடுப்புக் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது கரையில் வண்டி இல்லை.

முழுகும் இடத்துக்கு அடையாளமாக மஞ்சள் அடித்த கல் இருந்தது. முள்மரத்தின் நிழல் இருந்தது. அந்த நிழலில் நிறுத்திய வெள்ளைப் பிக்கப்பைத்தான் காணவில்லை. அது நின்ற இடத்தில் ஒரு கழுதை நின்று டயர் தடத்தை முகர்ந்துகொண்டிருந்தது.

அவளுக்கு முதலில் வந்தது சிரிப்பு. உதட்டைக் கடித்து அடக்கினாள்.

அவள் கணவன் சேர்மராஜ், முதுகில் கட்டிய காற்று உருளையோடு மணலில் ஓடினான். அந்தக் கனத்தோடு யாராலும் ஓட முடியாது. விழுந்தான். எழுந்து முள்மரத்தை ஒரு சுற்று சுற்றிவந்தான், அதன் பின்னால் வண்டி ஒளிந்துகொண்டிருக்கும் என்பதுபோல.

வண்டியை வாடகைக்குக் கொடுத்த பெண் தெளிவாகத்தான் சொல்லியிருந்தாள். இந்தத் தீவில் கடலோரம் நிறுத்துகிற வண்டியைப் பூட்டக் கூடாது. பூட்டினால் கண்ணாடியை உடைப்பார்கள். எல்லாவற்றையும் திறந்து போட்டுவிட்டு, சாவியை மட்டும் கையோடு கடலுக்குள் கொண்டுபோங்கள்.

வாரம் முழுக்கச் சாவி கடலுக்குள் போய்த்தான் வந்தது. அவளுடைய ரப்பர் உடையின் தொடைப் பையில்.

கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடுகிற கறுப்பு உடை. வந்த அன்றே அவன் கடை கடையாக ஏறித் தேடிப் பிடித்தது. கடைக்காரர் அதைத் தூசி தட்டித்தான் எடுத்துக் கொடுத்தார். இங்கே தண்ணீர் இருபத்தொன்பது டிகிரி, இதை யார் போடுகிறார்கள் என்று சிரித்தார்.

இவளுக்குக் குளிர் தாங்காது என்றான் சேர்மராஜ். மேலே இருபத்தொன்பது என்றால் கீழே போகப் போகக் குறையும் என்றான்.

அவன் அரைக்கால் சட்டையோடு இறங்கினான்.

கீழே குறையவில்லை. ஆழத்தையும் வெப்பத்தையும் காட்டுகிற கடிகாரம் அவள் மணிக்கட்டில் இருந்தது. பவளப்பாறைக்கு மேலே இருபத்தொன்பது. பாறைக்கு அடியில், கிளிமீன்கள் கொறித்துக்கொண்டிருக்கிற இடத்திலும் இருபத்தொன்பது.

உடைக்குள் அவளுக்கு வியர்த்தது. கடலுக்கு அடியில் வியர்த்துப்போன பெண் உலகத்திலேயே தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

காரணம் குளிர் இல்லை. இரண்டு பேருக்கும் அது தெரியும்.

தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணம்வரை கணுக்காலுக்கு மேல் கடல் பட்டதில்லை. அங்கேயும் காரணம் குளிர் இல்லை.

விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் கடலுக்கு அடியில் போகக் கூடாது என்பது விதி. ஆகவே இன்றைக்கு முழுகுவதுதான் கடைசி. இதை விட்டால் அவளுக்கு இன்னொரு கடல் எப்போது வாய்க்கும், வாய்க்குமா, தெரியாது.

அதனால்தான் ரப்பர் உடையை வண்டியின் இருக்கையில் போட்டுவிட்டு, அடியில் உடுத்தியிருந்த நீல நீச்சலுடையோடு நடந்தாள். அவன் கூப்பிட்டு முடிப்பதற்குள் கடல் அவளை எடுத்துக்கொண்டது.

முதுகில் தண்ணீர் பட்டது.



தொடைப் பை இல்லை, அவன் அரைக்கால் சட்டையிலும் பை இல்லை; அதனால் அவன் சாவியை முன் டயரின் மேல் வைத்துவிட்டு வந்திருக்கிறான். ஊரில் வைக்கிற மாதிரி.

"நீ அதப் போட்டிருந்தா சாவி பத்திரமா இருந்திருக்கும்."



வண்டியோடு அவளுடைய சுடிதார் போயிற்று. துண்டுகள் போயின. அவன் சட்டையும் போயிற்று. விடுதி உப்பளங்களைத் தாண்டி எங்கோ இருந்தது.

அவன் சாலையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடியும் சாலையைப் பார்த்தான்.

"ஏட்டி, நீ கழுத்துவர தண்ணிக்குள்ளயே உக்காந்திரு. நான் போய் துணி எடுத்துட்டு வாரேன்."

அவள் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"குளிருமேங்க."

சொல்லிவிட்டுக் காற்று உருளையைக் கல்லோரம் சாய்த்து வைத்தாள். தண்ணீருக்குள் பார்க்கிற முகக்கண்ணாடியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு சாலையில் ஏறினாள்.

அவனும் தன் உருளையை இறக்கிப் போட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தான். பின்னால் வண்டிச் சத்தம் கேட்டால் அவள் முதுகை மறைத்தான். எதிரே வந்தால் ஓடிப்போய் முன்னால் நின்றான். ஒருமுறை இரண்டு பக்கமும் சேர்ந்தாற்போல் வந்துவிட்டது. நடுச்சாலையில் கைகளை விரித்து நின்றான். வழியில் ஏற்றிக்கொள்ளச் சொல்கிறான் என்று நினைத்து இரண்டு வண்டிகளும் நின்றன.

வேண்டாம், வேண்டாம் என்று தலையாட்டினான்.

வண்டிக்காரர்கள் அவனைத்தான் பார்த்தார்கள். அவளை யாரும் பார்க்கவில்லை.

உப்பளம் தொடங்குகிற வளைவில் ஏதோ கறுப்பாகக் கிடந்தது. கைகளை விரித்து, குப்புற. கிட்டப் போனதும் தெரிந்தது.

சுடிதாரைக்கூட விடாமல் கொண்டுபோன திருடன், ரப்பர் உடையை மட்டும் தூக்கி எறிந்துவிட்டுப் போயிருந்தான்.

சேர்மராஜ் ஓடிப்போய் எடுத்தான். மண்ணைத் தட்டினான். குழந்தைக்குச் சட்டை மாட்டுவதுபோலக் கைப்பகுதியை அவளுக்காக விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அவள் அவனைக் கடந்து நடந்தாள்.

சற்றுத் தள்ளி இன்னொரு மஞ்சள் கல். அங்கிருந்து ஓர் ஒற்றையடிப் பாதை கடலுக்கு இறங்கியது. அவள் விடுதி இருக்கும் திசையைப் பார்த்தாள். பிறகு பாதையில் திரும்பினாள்.

கடிகாரம் வெயிலில் முப்பத்து மூன்று காட்டியது.

முழங்காலில் தண்ணீர் ஏறியது. இடுப்பில் ஏறியது. மணிக்கட்டு நனைந்தது. முப்பத்திரண்டு. முப்பது.

மேலே சாலையில் அவன் நின்றான். சட்டையில்லாத மார்பில் கறுப்பு உடையை அணைத்துப் பிடித்தபடி. நெற்றியிலிருந்து வியர்வை கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கக் கை இல்லை.

ஒரு வண்டி அவனருகில் வேகத்தைக் குறைத்தது.

அவள் முகக்கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

இருபத்தொன்பது. அங்கேயே நின்றது.